சிலையில் நிற்பது அந்த வீரன்தானா? சூப்பர்ஹீரோ சிலைகளை மதிப்பிடப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சூப்பர்ஹீரோ சிலை வாங்கப் போகிற தம்பிமார் போனில் ஒரு படத்தை அனுப்பிவிட்டு, "அண்ணாச்சி, இது அச்சு அசலா இருக்கா?" என்று கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "எந்த அசலு?"

பாதிப் பேருக்கு இந்தக் கேள்வி பிடிபடாது. காந்தி சிலையைச் சரிபார்க்கக் காந்தியின் போட்டோ இருக்கிறது. சூப்பர்மேனுக்குப் போட்டோ கிடையாது. 1938-இல் ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் அவரைக் கொண்டுவந்த நாளிலிருந்து எத்தனையோ பேர் வரைந்திருக்கிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் தாடை, தோள், நிற்கிற விதம் எல்லாமே மாறியிருக்கின்றன. அதனால் சிலையை மதிப்பிடுவது என்றால், யாருடைய ஓவியத்தைப் பார்த்து அது செய்யப்பட்டது என்று கண்டுபிடித்து அந்த ஓவியத்தோடு ஒப்பிடுவதுதான். கல்தூள் கலந்த ரெசினான பாலிஸ்டோனில் செய்த நல்ல சிலைக்கு ஒரு மாதச் சம்பளமே போய்விடும். வாங்குவதற்கு முன்னால் ஒரு சாயங்காலம் இதற்கு ஒதுக்குவது வீண் போகாது.

அசலை முடிவு செய்யுங்கள்

ஸ்பைடர்மேனை எடுத்துக்கொள்வோம். 1962-இல் ஸ்டீவ் டிட்கோ வரைந்தவன் ஒல்லியான பள்ளிக்கூடத்துப் பையன். கைக்கும் விலாவுக்கும் நடுவே அக்குளில் வலை தொங்கும். கொஞ்சம் பூச்சித்தனமான உடம்பு. 1966-இல் ஜான் ரொமிட்டா பொறுப்பேற்றதும் தோள் அகன்றது, ஆள் கம்பீரமானான். 1988-இல் வந்த டாட் மெக்ஃபார்லேன் கண்களை முகத்தில் பாதிக்குப் பெரிதாக்கி, மூட்டு கழன்றவனைப் போல உடம்பை முறுக்கிப் போட்டார். வெறும் கோடாக இருந்த வலைக்கயிறு அவர் கையில் நூல் பின்னிய கயிறாகிவிட்டது. மூன்று பேருமே ஸ்பைடர்மேன்தான். ஆனால் மெக்ஃபார்லேனின் பெரிய கண்ணை ரொமிட்டாவின் அகன்ற தோளுக்கு மேலே வைத்த சிலை மூன்று பேரில் எவரையும் சேராது.

நம் பக்கத்து ஆட்களுக்கு இன்னும் நெருங்கிய உதாரணம் மாயாவி. ராணி காமிக்ஸில் முகமூடி வீரர் மாயாவியாக நாம் படித்தவர், லீ ஃபாக் 1936-இல் உருவாக்கிய ஃபேண்டம். அந்தத் தொடர் தினசரிப் பத்திரிகையில் கறுப்பு வெள்ளையில் தொடங்கியது. 1939-இல் ஞாயிறு வண்ணப் பக்கம் வந்தபோது உடைக்கு ஊதா நிறம் கிடைத்தது. இத்தாலியில் அதே உடை சிவப்பு, ஸ்வீடனில் நீலம். ஆகவே நீல மாயாவி சிலையைப் பார்த்ததும் கலர் தப்பு என்று சொல்லிவிடாதீர்கள். எந்த நாட்டுப் பதிப்பு என்று கேளுங்கள். நிறம் நாட்டுக்கு நாடு மாறினாலும் மோதிரம் மாறாது. மண்டையோட்டு மோதிரம் வலது கையில், காக்கும் சின்னமுள்ள மோதிரம் இடது கையில். இரண்டும் கை மாறியிருந்தால் செய்தவர் கதையைப் படிக்கவில்லை என்று அர்த்தம்.

இப்போது சிலர் வீட்டிலேயே 3டி பிரிண்டரில் ரெசின் (செயற்கைப் பிசின்) சிலை எடுக்கிறார்கள். 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழிலேயே வந்த இரும்புக்கை மாயாவிக்கு (ஃபேண்டம் இல்லை, இவர் வேறு ஆள்) சிலை செய்ய நம்மவர்களுக்கு ஆசை இருக்கும். அதன் அசல் 1962-இல் இங்கிலாந்தின் வேலியன்ட் வார இதழில் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்த கறுப்பு வெள்ளைப் பக்கங்கள். அதில் ஒப்பிட நிறமே இல்லை, ஒளியும் நிழலும்தான் உண்டு. இரும்புக்கை வலது கை. மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார், அந்தக் கை மட்டும் தெரியும். அதனால் அந்தக் கைதான் சிலையின் முகம் என்று நினைத்து அதன் விரல் மூட்டுகளைப் பாருங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது: ஓவியர் யார் என்று பெட்டியில் எழுதியிருந்தால் அவர் வரைந்த உள்பக்கங்களில் மூன்றைத் தேர்ந்தெடுங்கள். வீரன் முழு உருவமாக நிற்கிற கட்டம் ஒன்று, ஓடுகிற அல்லது அடிக்கிற கட்டம் ஒன்று, முகம் மட்டும் பெரிதாகத் தெரிகிற கட்டம் ஒன்று. அட்டைப்படத்தை நம்பாதீர்கள், பல இதழ்களில் அட்டையை வரைந்தவர் ஒருவர், உள்ளே வரைந்தவர் வேறொருவர். மூன்றையும் ஜெராக்ஸ் கடையில் கலர் பிரிண்ட் போட்டுக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். போன் திரையில் நிறம் பொய் சொல்லும். பெட்டியில் ஓவியர் பெயரே இல்லையென்றால், சிலைக்கு மிக அருகில் வருகிற ஓவியர் யார் என்று நீங்களே தேட வேண்டும். அந்தத் தேடலிலேயே பாதிப் படிப்பு முடிந்துவிடும்.

நிழல் சோதனை

சிலைக்குப் பின்னால் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி, அதற்குப் பின்னால் விளக்கை வையுங்கள். முன்னாலிருந்து படம் எடுத்தால் கறுப்பு உருவம் மட்டும் விழும். நிறமும் சின்னமும் முகமும் இல்லாமலேயே இன்னார் என்று சொல்ல முடிகிறதா?

இதில் பேட்மேன்தான் நல்ல பாடம். அவருடைய காதின் நீளமே ஓவியரைக் காட்டிக்கொடுத்துவிடும். டிக் ஸ்பிராங் வரைந்ததில் காது குட்டை, தாடை அகலம். 1970-களின் நீல் ஆடம்ஸ் ஓவியத்தில் காது நீண்டு, கேப் (முதுகில் தொங்கும் மேலங்கி) உயிருள்ளதைப் போல விரியும். 1990-களில் கெல்லி ஜோன்ஸ் அதைக் கொம்பு மாதிரி வளர்த்துவிட்டார். 1986-இல் ஃபிராங்க் மில்லர் வரைந்த வயதான பேட்மேன் பெரும் பாறை, காது சின்னது. நிழலில் காதையும் தோளையும் பார்த்தே யாருடைய பேட்மேன் என்று சொல்லப் பழகுங்கள். பழகுவதற்கென்றே அமைந்த மாதிரி ஒரு வரிசை உண்டு: பேட்மேன் பிளாக் அண்ட் ஒயிட் சிலைகள். ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட ஓவியரின் கோட்டைப் பார்த்துச் செய்தது, கறுப்பும் வெள்ளையும் சாம்பலும் தவிர வேறு பெயின்ட் இல்லை. வாங்காவிட்டாலும் அவற்றின் படங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். கண் தானாகத் தெளியும்.

நிற்கிற நிலை

எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியம் இதுதான். முகம் கொஞ்சம் பிசகினாலும் மன்னிப்பேன், நிலை பிசகினால் வாங்க வேண்டாம் என்று சொல்லிவிடுவேன்.

இந்தக் கண்ணைப் பழக்க நமக்குக் கிருஷ்ணாபுரம் இருக்கிறது. பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் சாலையில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடலாம். வெங்கடாசலபதி கோயிலில் நாயக்கர் காலத்துத் தூண் சிற்பங்கள் ஆள் உயரத்துக்கு நிற்கின்றன. நாகாஸ்திரத்தோடு நிற்கும் கர்ணன், வீரபத்திரர், இளவரசியைத் தோளில் தூக்கிப் போகிற குறவன். சிலை சேர்க்க ஆரம்பித்திருக்கும் நண்பர் மகனை அங்கே கூட்டிப் போயிருந்தேன். குறவன் முன்னால் நின்று, "மாமா, கல்லுல கனம் எப்படித் தெரியுது?" என்றான். "தோளப் பாக்காதல, இடுப்பப் பாரு" என்றேன். மேலே இருக்கிற பாரம் உடம்பில் எந்த வழியாக இறங்கி எந்தக் காலுக்குப் போகிறது என்று அவன் விரலால் காற்றில் கோடு போட்டுப் பார்த்தான். சூப்பர்ஹீரோ சிலை முன்னாலும் அந்தக் கோட்டைத்தான் போட வேண்டும்.

வீட்டில் செய்து பார்க்க ஒரு வழி. தையல் நூலின் நுனியில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். கொத்தனார் பிடிக்கும் தூக்குக்குண்டு மாதிரிதான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சிலையின் கழுத்துக்குழிக்கு நேரே நூல் வரும்படி பிடியுங்கள். எடை ஒரு காலில் இருந்தால் நூல் அந்தக் கணுக்காலுக்குப் பக்கத்தில் இறங்க வேண்டும். இரண்டு காலிலும் இருந்தால் இரண்டு பாதத்துக்கும் நடுவே இறங்க வேண்டும். நூல் பாதங்களுக்கு வெளியே போனால் அந்த ஆள் விழுந்துகொண்டிருக்கிறான். ஓடுகிற, பாய்கிற நிலைக்கு அது சரி. சும்மா நிற்கிற நிலைக்குச் சரியில்லை. பேஸில், அதாவது அடிப்பீடத்தில், இரும்புக் கம்பி பிடித்திருப்பதால் சிலை கீழே விழாது, ஆனால் பார்க்கிறவர் மனசுக்குள் விழுந்துகொண்டே இருக்கும்.

பிவிசி என்கிற பிளாஸ்டிக் சிலையாக இருந்தால் கூடுதலாக ஒன்றைக் கவனியுங்கள். நம் சித்திரை வெயிலில், ஜன்னல் ஓரத்தில் வைத்தால் கணுக்கால் இளகி மெல்லச் சாயும். பழைய சிலையை வாங்கும்போது நிலை தப்பாகத் தெரிந்தால், செய்தவரின் பிழையா வெயிலின் வேலையா என்று தயாரிப்பாளரின் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பாலிஸ்டோன் இப்படி இளகாது. அது கல்தூள் கலந்த ரெசின், தவறி விழுந்தால் உடையும்.

எடை சரியாக இருந்தால் அடுத்தது குணம். சூப்பர்மேன் தன் பலத்தைக் காட்ட முறுக்கிக்கொண்டு நிற்க வேண்டிய ஆள் இல்லை. தோள் தளர்ந்து, நெஞ்சு திறந்து நிற்பார். கை முஷ்டியை இறுக்கி, நரம்பு புடைக்க, பல்லைக் கடித்து நிற்கிற சூப்பர்மேன் சிலைகள் சந்தையில் நிறைய. உடம்பு அவருடையது, ஆள் அவர் இல்லை. ஸ்பைடர்மேனோ நேராக நின்றாலே சந்தேகப்படுங்கள், குந்துவதும் தொங்குவதும்தான் அவன் இயல்பு. அவன் கையைக் கிட்டத்தில் பாருங்கள். நடுவிரலும் மோதிர விரலும் மடங்கி உள்ளங்கையை அழுத்த வேண்டும், சுட்டுவிரலும் சுண்டுவிரலும் நீண்டிருக்க வேண்டும். உள்ளங்கையில் இருக்கும் பொத்தானை அந்த இரண்டு விரல்கள் அழுத்தினால்தான் மணிக்கட்டிலிருந்து வலை பாயும். வெறுமனே கையை நீட்டி, விரல் எல்லாம் விரித்து, வலை மட்டும் பறக்கிற சிலையில் அந்த வலை எப்படி வந்தது என்பதற்குப் பதிலே இல்லை.

அளவு

சாதாரண மனிதன் உயரம் ஏறத்தாழ ஏழரைத் தலை. படக்கதை வீரர்களை எட்டு முதல் ஒன்பது தலை வரை நீட்டி வரைவார்கள். நம் சிற்ப மரபில் தாலக் கணக்கு இருக்கிறது, ஆனால் அது முக நீளத்தை வைத்தது. இங்கே உச்சந்தலையிலிருந்து தாடை வரை எண்ண வேண்டும். இரண்டையும் கலந்துவிடாதீர்கள். நேர் முன்னாலிருந்து, சிலையின் இடுப்பு உயரத்தில் கேமராவை வைத்துப் படம் எடுத்து, தலை அளவுக்கு ஒரு பேப்பர் கீற்றை வெட்டி மேலிருந்து கீழே அடுக்கிப் பாருங்கள். அதே கீற்று வேலையை ஓவியத்திலும் செய்யுங்கள். இரண்டு எண்ணும் ஒத்துப் போக வேண்டும்.

இந்தச் சோதனையில் அதிகம் மாட்டிக்கொள்வது வுல்வரின். அவரை வெளியிடும் மார்வெல் நிறுவனம் தரும் உயரம் 5 அடி 3 அங்குலம், அதாவது சுமார் 160 செ.மீ. கேப்டன் அமெரிக்கா 6 அடி 2 அங்குலம், 188 செ.மீ. ஆள் உயரத்தில் நாலில் ஒரு பங்கு ஸ்கேலில் ஒருவர் நிமிர்ந்தால் 40 செ.மீ., மற்றவர் 47 செ.மீ. சினிமாவில் உயரமான நடிகரைப் பார்த்துப் பழகியதால் பலர் வுல்வரினை நெட்டையாகவே செய்கிறார்கள். குட்டையான, அகன்ற, தரையோடு ஒட்டிய மூர்க்கம்தான் காமிக்ஸ் வுல்வரின். பெட்டியில் காமிக்ஸ் வுல்வரின் என்று போட்டுவிட்டு உள்ளே நெட்டையான ஆளை வைத்திருந்தால் அது பெரிய குறை.

முகம்

முதலில் சினிமா முகத்தை மனசிலிருந்து இறக்கி வையுங்கள். காமிக்ஸ் முகம் கோடுகளால் ஆனது. நாலைந்து கோட்டில் ஓவியர் சொன்னதைச் சிற்பி பருமனாக மாற்ற வேண்டும். தோலின் துளை, கன்னத்துச் சுருக்கம் எல்லாம் போட்டால் முகம் நிஜம் மாதிரி ஆகும், ஓவியத்தை விட்டு விலகிவிடும். இது என் தீர்ப்பு. ஏற்காதவர்களும் உண்டு, நுணுக்கம் கூடினால் தரம் கூடும் என்பது அவர்கள் கட்சி. சிலையின் தரம் கூடலாம், ஓவியத்தோடு ஒற்றுமை கூடிவிடாது.

பக்கவாட்டிலிருந்து ஒரு முறை பாருங்கள். முன்பக்கம் மட்டும் ஒத்துப்போய், பக்கவாட்டில் தட்டையாகிவிடும் முகங்கள் உண்டு. ஓவியத்தில் பக்கவாட்டுக் கட்டம் ஒன்றைத் தேடி மூக்கும் தாடையும் எவ்வளவு முன்னே வருகின்றன என்று ஒப்பிடுங்கள்.

பிறகு பார்வை. ஊர்க் கோயிலில் சுடலைமாடனுக்குக் கண் திறக்கும்போது எவ்வளவு கவனமாக இருப்பார்கள் என்று பார்த்தவர்களுக்கு இது சொல்லத் தேவையில்லை. சிலையைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி, அது உங்களைப் பார்க்கிற இடம் எது என்று தேடுங்கள். அப்படி ஓர் இடமே கிடைக்கவில்லை என்றால் இரண்டு கருவிழியும் வேறு வேறு பக்கம் பார்க்கின்றன. தொழிற்சாலையில் பெயின்ட் அடிக்கும்போது இது அடிக்கடி நேர்கிறது, விழி மயிரிழை விலகினாலே மாறுகண் ஆகிவிடும். பேட்மேன், ஸ்பைடர்மேன், மாயாவி மாதிரி கருவிழி இல்லாத வெள்ளைக் கண்களில் பார்வை கண்ணின் வடிவத்தில்தான் இருக்கிறது. அதனால் இமைக்கோடு சமமாக, கூராக இருக்கிறதா என்று பாருங்கள்.

சூப்பர்மேன் முகத்தில் நெற்றியில் விழும் சுருள்முடியை எல்லோரும் சரியாகப் போட்டுவிடுகிறார்கள். கருணையைத்தான் விட்டுவிடுகிறார்கள். புருவம் இறங்கி நெருங்கியிருந்தால் அது கோபக்கார ஆள், எவ்வளவு அழகாக இருந்தாலும்.

உடுப்பும் சின்னமும்

இது எளிது, சீக்கிரம் முடிந்துவிடும். ஒரே சிலையில் இரண்டு காலம் கலந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பேட்மேன் நெஞ்சில் வௌவாலைச் சுற்றி மஞ்சள் வட்டம் வந்தது 1964-இல், அதற்கு முந்தைய குட்டைக் காது பேட்மேனுக்கு அது இருக்கக் கூடாது. கேப்டன் அமெரிக்காவின் கேடயம் 1941-இல் முதல் இதழில் முக்கோண வடிவம், இரண்டாம் இதழிலேயே வட்டமாகிவிட்டது. சூப்பர்மேனின் சிவப்பு ஜட்டி 2011-இல் போய் 2018-இல் திரும்பி வந்தது. அவருடைய கேப்பின் முதுகுப் பக்கம் மஞ்சளில் ஓர் எஸ் உண்டு. முன்னால் மட்டும் படம் எடுத்துக் காட்டும் விற்பனையாளரிடம் முதுகையும் காட்டச் சொல்லுங்கள்.

துணியின் நெசவு, தோலின் தையல் என்று உடுப்பு முழுக்கக் கீறல் போட்ட சிலைகள் இப்போது வழக்கம். அது சினிமாவிலிருந்து வந்தது. பழைய ஓவியத்தில் உடுப்பு வழவழப்பாக உடம்போடு ஒட்டியிருக்கும்.

நிறம்

டியூப்லைட்டின் கீழே நிறத்தை முடிவு செய்யாதீர்கள். காலை எட்டு மணி போலத் தார்சாவில் (வீட்டுத் தாழ்வாரத்தில்), நேர் வெயில் படாத இடத்தில் வைத்துப் பாருங்கள். நம் ஊர் உச்சி வெயில் எல்லா நிறத்தையும் வெளிறடித்துவிடும்.

பழைய காமிக்ஸில் கறுப்பைக் காட்ட மினுங்கும் இடங்களில் நீலம் போடுவார்கள். சூப்பர்மேனின் கறுப்பு முடியில் நீலம் இருப்பது அதனால்தான். பேட்மேனின் கேப்பும் இப்படித்தான், கறுப்பில் நீல மினுக்கு என்று சிலர் செய்வார்கள், நீலமே என்று சிலர் செய்வார்கள். நீங்கள் தேர்ந்தெடுத்த மூன்று பக்கங்களில் எது அதிகமோ அதுதான் தீர்ப்பு. ஹல்க் 1962-இல் முதல் இதழில் சாம்பல் நிறம், அடுத்த இதழிலிருந்து பச்சை. சாம்பல் ஹல்க்கைப் பார்த்து ஏமாற்று என்று நினைக்க வேண்டாம்.

தசைக்கு நடுவே நிழல் விழுந்தது போலக் கருமை தடவுவார்கள். அது ஓவியர் மை போட்ட இடத்தில் விழுந்தால் அழகு. எல்லா மடிப்பிலும் ஒரே மாதிரி தடவியிருந்தால் உடுப்பில் அழுக்கு ஏறியது போலிருக்கும்.

விளம்பரப் படமும் பெட்டியில் வந்ததும்

முன்பதிவுக்குக் காட்டும் படம் பெரும்பாலும் மாதிரிச் சிலை. கை தேர்ந்த ஒருவர் தனியாக உட்கார்ந்து பெயின்ட் அடித்தது. உங்களுக்கு வருவது தொழிற்சாலையில் அடித்தது. அதனால் மதிப்பீட்டை மாதிரிப் படத்தை வைத்துச் செய்யாதீர்கள். ஏற்கெனவே வாங்கியவர்கள் எடுத்த படங்களை, குறிப்பாக முகத்தைக் கிட்டத்தில் எடுத்தவற்றைத் தேடுங்கள்.

விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் ரீகாஸ்டாக இருக்கலாம், அதாவது அசல் சிலையிலிருந்து அச்செடுத்துத் திருட்டுத்தனமாக வார்த்தது. அச்சுக்கு அச்சு அளவு கொஞ்சம் சுருங்கும், விரல் நுனியும் முடிக்கற்றையும் மழுங்கும், மூட்டுக்கோடும் காற்றுக்குமிழும் தெரியும். சான்றிதழும் பேஸின் அடியில் எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். அவற்றையும் போலியாகச் செய்ய முடியும் என்பதால் விரல் நுனியைத்தான் நான் அதிகம் நம்புவேன்.

எழுதி வையுங்கள்

பத்துக்கு ஏழு, எட்டு என்று மார்க் போடாதீர்கள். எது எதோடு ஒத்துப்போகிறது என்று நாலு வரி எழுதுங்கள். இப்படி:

"ஸ்பைடர்மேன், ஆறில் ஒரு பங்கு, பிவிசி. ஒப்பிட்டது ரொமிட்டாவின் 1960-கள் பக்கங்களோடு. நிழல் சரி. குந்தியிருக்கும் நிலை சரி, எடை இடது காலில், நூல் கணுக்காலில் இறங்குகிறது. வலது கை விரல்கள் சரி, இடது கையில் மோதிர விரல் மடங்கவில்லை. கண் ரொமிட்டாவுக்குப் பெரிது, மெக்ஃபார்லேனுக்குச் சிறிது. நீலம் வெளிறியது, மை இருக்க வேண்டிய விலாப் பக்கம் நிழலே இல்லை. நிலைக்காக வாங்கலாம், முகத்துக்காக வேண்டாம்."